அடிக்கடி வரும் சைனஸ்: ஊட்டித் தைலக் கடைக்காரனின் குறிப்புகள்

ஊட்டியில் தைலக் கடை வைத்திருப்பவனுக்கே சைனஸ் என்றால் சுற்றுலா வருபவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. "கடை நிறைய மருந்தை அடுக்கி வைத்துக்கொண்டு உங்களுக்கே இப்படியா அண்ணே?" என்று கேட்பார்கள். தைலம் வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், என் பிழைப்பு அது. ஆனால் சைனஸைக் குணப்படுத்தும் என்று நம்பி வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டிலைக் கட்டிக் கொடுப்பேன். நீலகிரித் தைலமும் மென்தாலும் மூக்குக்குள் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகின்றன. காற்று தாராளமாகப் போய்வருவதாக நமக்குத் தோன்றுகிறது. கருவி வைத்து அளந்தால் அடைப்பு பழையபடியே இருக்கும். தூங்கப்போகும் நேரத்தில் அந்தத் தோற்றமும் ஒரு சுகம்தான், மறுக்கவில்லை.

அடைப்பை உண்மையாகவே குறைப்பவை எல்லாம் வாசனை இல்லாத சமாசாரங்கள். உப்பு நீர், சரியான கோணத்தில் அடித்த ஸ்பிரே, ஈரம் இல்லாத சுவர். இவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். நான் மருத்துவன் இல்லை. பல வருடம் இந்த மூக்கோடு மல்லுக்கட்டி, கோயம்புத்தூரில் ஒரு நல்ல காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் பாடம் கேட்டவன்.

இது சைனஸ்தானா?

முகத்து எலும்புகளுக்குள் சைனஸ் எனப்படும் நான்கு ஜோடிக் காற்றறைகள் உண்டு. நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, கண்களுக்கு நடுவே சிறு சிறு அறைகளாக ஒன்று, மண்டைக்குள் ஆழத்தில் ஒன்று. இவற்றின் உட்சுவர் சளியைச் சுரந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் அந்தச் சளியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சிறு துவாரங்கள் வழியாக மூக்குக்குள் விடும். கன்னத்து அறையின் துவாரம் அடியில் இல்லாமல் மேற்பக்கத்தில் இருக்கிறது. நிமிர்ந்து நின்றால் சளி தானாக வடியாது, மயிரிழைகள்தான் மேலே ஏற்றி வெளியேற்ற வேண்டும். சளிப்பிடித்தோ, ஒவ்வாமையாலோ துவாரத்தைச் சுற்றி வீங்கினால் வழி அடைபடுகிறது. தேங்கிய சளியில் கிருமி பெருகுகிறது. அடிக்கடி சைனஸ் வருகிறது என்றால், அந்தத் துவாரங்களை ஏதோ ஒன்று அடிக்கடி வீங்க வைக்கிறது என்று பொருள். அந்த ஏதோ ஒன்றைக் கண்டுபிடிக்காமல் வருடத்துக்கு நாலு முறை மாத்திரை விழுங்கிப் பயனில்லை.

அதற்கும் முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தலைவலி வந்தாலே சைனஸ் என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்குச் சைனஸ் தலைவலி என்று சொன்ன ஏறக்குறைய 3000 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மைக்ரேனிலும் மூக்கில் நீர் வடியும், கண்ணைச் சுற்றி வலிக்கும், அதனால்தான் குழப்பம். வலி துடிதுடித்து, வெளிச்சம் பிடிக்காமல், குமட்டலோடு வந்து, ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ சுத்தமாக விட்டுவிட்டால் மைக்ரேனைச் சந்தேகப்படுங்கள். சைனஸ் தொற்றில் கெட்டியான சளி, மூக்கடைப்பு, முகத்தில் பாரம், வாசனை தெரியாமல் போவது ஆகியவை சேர்ந்து வரும். சளியே இல்லாமல் வெறும் தலைவலி என்றால் சைனஸ் பெயரைச் சொல்லி மருந்து வாங்காதீர்கள்.

இன்னொன்று பல். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வேர் கன்னத்து அறையின் தரையை ஒட்டி இருக்கிறது. வேரில் சீழ் பிடித்தால் அது மேலே ஏறிவிடும். என் மைத்துனருக்கு இடது பக்கம் மட்டும் சளி வந்தது, அதில் ஓர் அழுகல் நாற்றம். மாதக்கணக்கில் மூக்குக்கு மருந்து போட்டும் அசையவில்லை. பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து வேர் சிகிச்சை செய்த பிறகுதான் நின்றது. ஒரே பக்கம், அதுவும் நாற்றத்தோடு என்றால் பல்லைக் காட்டிவிடுங்கள். பல் சரியாக இருந்தும் ஒரு பக்கத் தொல்லை தொடர்ந்தால் பூஞ்சைக் கட்டியோ வேறு வளர்ச்சியோ இருக்கலாம், ஸ்கேன் அவசியம்.

டார்ச் அடித்து மூக்குக்குள் பார்த்துவிட்டு "சதை வளர்ந்திருக்கிறது" என்று அறிவிக்கும் வீட்டு நிபுணர்களை நம்ப வேண்டாம். பக்கச் சுவரில் சிவப்பாகத் தெரியும் மடிப்பு எல்லோருக்கும் பிறவியிலேயே இருப்பது, சளிப்பிடித்தால் உப்பும். நோயாக வளரும் சதை வெளிறிய நிறத்தில், உரித்த திராட்சைபோல இருக்கும் என்று மருத்துவர் விளக்கினார். அதைச் சரியாகப் பார்க்க எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாய் வேண்டும்.

எப்போது காத்திருக்கலாம், எப்போது ஓட வேண்டும்

சாதாரணச் சளியில் தொடங்கும் சைனஸ் வீக்கம் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதும் மருந்துக் கடைக்குப் போய் மூன்று மாத்திரை உள்ள அட்டையை வாங்கி விழுங்குவது நம் ஊரில் சடங்காகிவிட்டது. நிறத்தை வைத்துக் கிருமியைச் சொல்ல முடியாது, வைரஸ் சளியும் பச்சையாகும். பாக்டீரியா என்று சந்தேகிக்க மருத்துவர்கள் மூன்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பத்து நாள் ஆகியும் கொஞ்சமும் குறையாமல் இருப்பது ஒன்று. குறைந்துகொண்டே வந்து, ஐந்தாறு நாளில் மறுபடி காய்ச்சலும் வலியுமாகத் திரும்பி ஏறுவது இன்னொன்று. ஆரம்பத்திலேயே 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சலோடு, சீழ்போன்ற சளியும் முகவலியும் மூன்று நான்கு நாள் விடாமல் இருப்பது மூன்றாவது. இதில் எதுவும் இல்லாவிட்டால் காய்ச்சல் மாத்திரை, உப்பு நீர், ஓய்வு, இவை போதும்.

காத்திருக்கவே கூடாத நிலைமைகளும் உண்டு. கண்ணைச் சுற்றி வீங்குவது, பார்வை மங்குவது அல்லது இரண்டாகத் தெரிவது, நெற்றி புடைத்துக்கொள்வது, தாங்க முடியாத தலைவலியோடு கழுத்து விறைப்பது, பேச்சுக் குழறுவது, அரைமயக்கம். கண்ணுக்கும் மூளைக்கும் சைனஸ் அறைகளுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய எலும்புத் தகடு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் முகம் மரத்துப்போனாலோ, மூக்கிலிருந்து கறுப்பாக வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2021இல் கொரோனா இரண்டாம் அலையோடு வந்த கருப்புப் பூஞ்சை அப்படித்தான் தொடங்கியது.

மூக்கு கழுவுதல்

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜலநேதி என்று யோகா வகுப்பில் சொல்லித் தருவதும், மருத்துவர் பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்துச் செய்யச் சொல்வதும் ஒரே வேலைதான். சளியையும் தூசியையும் மகரந்தத்தையும் அலசி வெளியேற்றுகிறது, கெட்டிச் சளியை இளக்குகிறது, பிறகு அடிக்கும் ஸ்பிரே சளியின் மேல் படாமல் சதையில் படுவதற்கு வழிவிடுகிறது.

தண்ணீரில் விளையாடக் கூடாது. குழாய்த் தண்ணீரை நேராக மூக்கில் ஊற்றாதீர்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத ஒரு வகை அமீபா, மூக்கு வழியாகப் போனால் மூளைக்கு ஏறிவிடும், உயிர் பிழைப்பது அரிது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011இல் குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவிய இரண்டு பேர் இதனால் இறந்தார்கள். எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2024இல் அமீபா மூளைக்காய்ச்சலுக்குச் சிறுவர்கள் பலியானார்கள், குளத்தில் குளித்ததுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆர்.ஓ. இயந்திரத்தில் வரும் நீரும், கேன் தண்ணீரும் கிருமி நீக்கப்பட்டவை என்று எண்ணிவிடாதீர்கள். கொதிக்க வைத்து ஆற விடுங்கள். சமவெளியில் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். ஊட்டி 2240 மீட்டர். இங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது, அதனால் கூடுதல் நேரம். கொடைக்கானலிலும் இதையே செய்யுங்கள், இரண்டு நிமிட கேஸில் என்ன போய்விடப் போகிறது.

உப்பின் அளவு ஒரு லிட்டருக்கு 9 கிராம். நம் உடல் நீரின் உப்புக் கணக்கும் ஏறக்குறைய அதுதான், அதனால் எரியாது. கடையில் சாக்லேட் நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு இருப்பதால் நான் நிறுத்தே போடுகிறேன். தராசு இல்லாதவர்கள் கால் லிட்டர் நீருக்கு அரை தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, தலை தட்டிப் போடலாம். ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் இன்னும் மிருதுவாக இருக்கும். மளிகைக் கடை உப்பில் அயோடினும், கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் உண்டு. சிலருக்கு அது உறுத்தும். அப்படி உறுத்தினால் மருந்துக் கடையில் இதற்கென்றே பொட்டலமாக விற்கும் கலவையை வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் போட்டாலும் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் ஆக வேண்டும், பொட்டலம் கிருமியைக் கொல்லாது. உப்பே போடாமல் வெறும் நீரை ஊற்றியவர்கள் மறுமுறை இந்தப் பக்கம் வர மாட்டார்கள். நெற்றிக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி எரியும்.

நீர் வெதுவெதுப்பாக, முன்கையில் விட்டால் சூடும் குளிரும் தெரியாத பதத்தில் இருக்கட்டும். கை கழுவும் தொட்டிமேல் குனிந்து தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து வாயால் மூச்சு விட வேண்டும். இடைவிடாமல் "ஆ" என்று சொல்லிக்கொண்டிருந்தால் தொண்டைக்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள கதவு தானே மூடிக்கொள்ளும். மேலே இருக்கும் மூக்குத் துவாரத்தில் மெதுவாக விட, கீழே இருக்கும் மூக்குத் துவாரம் வழியாக வடியும். பாட்டிலை ஓங்கி அமுக்க வேண்டாம், காதுக்குள் ஏறும். பாதி முடிந்ததும் தலையை மறுபக்கம் சாய்த்து மீதியை விடுங்கள்.

முடிந்ததும் சிந்துவதில் ஒரு முறை இருக்கிறது. இரண்டு துவாரத்தையும் சேர்த்துப் பிடித்து ஊதினால் அழுத்தம் காதுக்கும் சைனஸ் அறைகளுக்கும் திரும்பும். ஒரு பக்கத்தை லேசாக மூடி மறுபக்கத்தை மென்மையாகச் சிந்துங்கள். பிறகு கால்விரலைத் தொடுவதுபோல் குனிந்து தலையை இடமும் வலமும் திருப்புங்கள், உள்ளே தேங்கிய மிச்ச நீர் கொட்டும். இதைச் செய்யாமல் கடைக்குப் போனால், வாடிக்கையாளருக்குச் சில்லறை எடுக்கக் குனியும்போது கல்லாப்பெட்டிமேல் சொட்டும். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கழுவிவிடுங்கள்.

பாட்டிலை வெந்நீரிலும் சோப்பிலும் கழுவிக் கவிழ்த்துக் காய வைக்க வேண்டும். ஒருவருடையதை மற்றவர் பயன்படுத்தக் கூடாது, கணவன் மனைவியானாலும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிது வாங்குவது நல்லது. காது வலி இருக்கும்போதும், இரு பக்கமும் கல்லாக அடைத்திருக்கும்போதும் கழுவ வேண்டாம். தொற்று இருக்கும் நாட்களில் காலையும் மாலையும் கழுவுவேன், மற்ற நாட்களில் தூசிக்குப் பிறகு மட்டும்.

ஸ்பிரேயும் சொட்டு மருந்தும் ஒன்றல்ல

புளுட்டிகசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் வரும் ஸ்டீராய்டு ஸ்பிரே ஒரு வகை. சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் என்று வரும் சொட்டு மருந்தும் ஸ்பிரேயும் வேறு வகை. இரண்டையும் மருந்துக் கடையில் மூக்கு மருந்து என்று ஒரே தட்டில் வைத்திருப்பார்கள். ஆனால் குணம் நேர்மாறானது.

இரண்டாவது வகை சில நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். அந்த மாயத்தில்தான் ஆபத்து. மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாளோடு நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்தால் மருந்து இறங்கும்போதெல்லாம் முன்னைவிட அதிகமாக வீங்கும், மறுபடி சொட்டு விடத் தோன்றும், அதிலிருந்து மீளத் தனியாக வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். தலையணைக்கு அடியில் சொட்டு மருந்து இல்லாமல் தூங்க முடியாதவர்களை எனக்குத் தெரியும். இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

முதல் வகை சோம்பேறி மருந்து. அடித்ததும் ஒன்றும் நடக்காது, இரண்டு வாரம் தினமும் அடித்தால்தான் முழுப்பலன் தெரியும். ஒவ்வாமையால் துவாரம் வீங்குபவர்களுக்கும், சதை வளர்ச்சி உள்ளவர்களுக்கும் அடிப்படை மருந்து இதுதான். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டுப் பலர் பயந்து மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். மூக்கில் அடிக்கும் அளவு சிறியது, இந்தப் புது மருந்துகளில் இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு.

கோயம்புத்தூர் மருத்துவர் மருந்துச்சீட்டை நீட்டுவதற்கு முன் ஒவ்வொருவரையும் வெற்றுப் புட்டியால் அடித்துக் காட்டச் சொல்வார். புட்டியின் குழாய் நடுத்தண்டை, அதாவது மூக்கின் இரு பக்கத்துக்கும் நடுவில் உள்ள சுவரை, பார்த்து நிற்கக் கூடாது என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது. நடுத்தண்டில் அடித்துக்கொண்டே இருந்தால் அங்கே புண்ணாகி இரத்தம் கசியும், மருந்தும் வீணாகும். தலையைச் சற்றுக் கவிழ்த்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும் அடித்தால் குழாய் தானாகவே வெளிப்பக்கம், காதை நோக்கித் திரும்பும். அடித்தவுடன் ஓங்கி உறிஞ்சாதீர்கள். தொண்டையில் கசப்பு தெரிந்தால் மருந்து வயிற்றுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். கழுவிக் கால் மணி நேரம் கழித்து அடிப்பது உத்தமம்.

ஒவ்வாமைக்கென்று மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதில் மான்டெலுகாஸ்ட் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மனச்சோர்வு, கெட்ட கனவு, எரிச்சல் போன்றவை அதனால் வரலாம் என்று 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை சேர்த்தது. பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. வீட்டில் யாராவது திடீரென்று குணம் மாறினால் மருத்துவரிடம் இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேது, பற்று, தைலம்

என் மாமியாருக்கு எல்லா வியாதியும் தலையில் நீர் கோத்துக்கொள்வதால் வருவது. "மாப்பிள்ளை, ஈரத்தலையோடு படுத்தால் பீனிசம் வராமல் என்ன செய்யும்?" என்பார். ஈரத்தலை கிருமியைக் கொண்டுவருவதில்லை. ஆனாலும் குளிரில் மூக்கு இன்னும் அடைத்துக்கொள்வது உண்மை, அதனால் அவரோடு வாதாடுவதில்லை.

நொச்சி இலை போட்டு வேது பிடித்தால் இதமாக இருக்கும், சளி இளகும். நோயின் போக்கை அது மாற்றுவதற்குப் பெரிய சான்று கிடையாது. கொதிக்கும் சட்டியைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு குழந்தைகளை உட்கார வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், சட்டி கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் எல்லா ஊரிலும் உண்டு. பெரியவர்கள் பாத்திரத்தை மேசைமேல் நகராமல் வைத்து, அடுப்பை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பிடியுங்கள். தைலம் போட்டால் ஒரே ஒரு சொட்டு, கண்ணை மூடிக்கொண்டு.

சித்த மருந்துக் கடையில் கிடைக்கும் நீர்க்கோவை மாத்திரையை நீரில் உரைத்து நெற்றியில் பற்றுப் போடுவது எனக்கும் பிடிக்கும், கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் சரி. மாத்திரை என்ற பெயரைப் பார்த்து விழுங்கிவிடாதீர்கள், அது மேலே பூசுவதற்கு. மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகையை உறிஞ்சுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஏற்கெனவே வீங்கிய சதைக்குப் புகை எதுவானாலும் எதிரிதான், பீடி சிகரெட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மூக்கில் எண்ணெய் விடுவதைத் தானாகச் செய்ய வேண்டாம். நுரையீரலுக்குள் இறங்கினால் ஒரு வகை நிமோனியா வரும்.

தைலம் வாங்குபவர்களுக்குக் கடையில் நான் கட்டாயம் சொல்வது: குழந்தையின் மூக்கருகே தடவாதீர்கள், எட்டாத உயரத்தில் வையுங்கள். சில மில்லி நீலகிரித் தைலம் உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். விண்டர்கிரீன் தைலம் இன்னும் மோசம், அது ஆஸ்பிரினின் உறவு.

வீட்டின் ஈரம்

ஜூன் மாதம் மழை பிடித்தால், ஊட்டியின் காந்தல் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் செருப்பு, பெல்ட், கல்யாண ஆல்பம் எல்லாவற்றிலும் பூஞ்சணம் பூத்துவிடும். வடக்குச் சுவரை ஒட்டி நின்ற பீரோவை ஒருநாள் நகர்த்திப் பார்த்தபோது, பின்னால் சுவர் முழுக்கச் சாம்பல் நிறத்தில் வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்தது. தொட்டால் விரலில் மாவாக ஒட்டியது. இரவு முழுவதும் அதன் பக்கத்தில்தான் தலை வைத்துப் படுக்கிறோம். மருந்து ஒரு பக்கம், இதைச் சரிசெய்வது மறுபக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் தொற்று வரும் இடைவெளி கூடும்.

பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், காற்று புகட்டும். பூஞ்சணத்தை உலர்ந்த துணியால் தட்டினால் அறை முழுக்கப் பறக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு சோப்பு நீரில் நனைத்துத் துடையுங்கள். அதன்மேலேயே பெயின்ட் அடிப்பது பணத்துக்குக் கேடு, கசிவு எங்கிருந்து வருகிறது என்று கூரையையும் குழாயையும் முதலில் பாருங்கள். ஈரத் துணியைப் படுக்கையறையில் காயப் போடக் கூடாது. வெயில் எட்டிப்பார்க்கும் நேரம் சன்னலைத் திறந்து வைத்து, கம்பளியை வெளியே போடுங்கள். தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை 55 முதல் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் தூசிப்பூச்சி சாகும். கரிக் கணப்பை மூடிய அறையில் வைத்துத் தூங்கினால் சைனஸைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்காது.

சமவெளிக்காரர்களுக்குப் பிரச்சினை வேறு வடிவில் வரும். ஏ.சி. வடிகட்டியில் அப்பிய தூசி, கட்டட வேலை, பஞ்சாலை, போகி அன்று எரியும் டயர். காரணம் எதுவென்று தெரியாவிட்டால் தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை கேளுங்கள். இரத்தத்தில் நூறு பொருளுக்குப் பார்க்கும் விலையுயர்ந்த பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மலை இறங்கும்போது

மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியிலிருந்து அங்கே இறங்கினால் காற்றழுத்தம் சுமார் கால் பங்கு கூடுகிறது. துவாரம் அடைபட்ட சைனஸுக்குள் காற்று புக முடியாமல், புருவத்துக்கு மேலே ஊசி குத்தியதுபோல் வலி எடுக்கும். விமானம் இறங்கும்போது வருவதும் இதே வலிதான். கடும் சளியில் பயணத்தைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால், இரத்த அழுத்தம் இல்லாதவர்கள் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு மேலே சொன்ன சொட்டு மருந்தை ஒருமுறை விடலாம். அந்த மருந்துக்கு ஏற்ற இடம் இதுதான். வழியெல்லாம் எதையாவது மென்று விழுங்கிக்கொண்டே வாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓங்கி ஊத வேண்டாம். அவசரமில்லாதவர்கள் மலை ரயிலில் இறங்கலாம், நிதானமாக இறங்குவதால் எனக்கு அதில் வலி குறைவு. டிக்கெட் கிடைத்தால்.

மருத்துவரிடம் போவதற்கு முன்

வருடத்துக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ தொற்று வந்து, நடுவில் முழுக்கச் சரியாகிவிட்டால் அது திரும்பத் திரும்ப வரும் சைனஸ். 12 வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் நாள்பட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால், எந்த மாதம் வந்தது, எத்தனை நாள் இருந்தது, எந்தப் பக்கம், காய்ச்சல் உண்டா, என்ன மாத்திரை என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். "எப்பவும் சளிதான் டாக்டர்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்?

வாசனையையும் எழுதுங்கள். காலையில் கடை திறந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு மூன்று புட்டிகளை மோந்து பார்ப்பேன்: நீலகிரித் தைலம், எலுமிச்சைப்புல் எண்ணெய், கிராம்பு எண்ணெய். நீலகிரித் தைலத்தின் சுருக்கென்ற குத்தல் வேறு நரம்பின் வேலை, மூக்கு செத்தாலும் அது தெரியும். எலுமிச்சைப்புல்லும் கிராம்பும் வித்தியாசமில்லாமல் போகும்போதுதான் உள்ளே வீக்கம் கூடுகிறது என்று புரியும். உங்கள் வீட்டில் காப்பித்தூள் டப்பா போதும். சளி இறங்கிய பிறகும் வாரக்கணக்கில் வாசனை வராவிட்டால் சதை வளர்ச்சியைச் சந்தேகிக்க வேண்டும். சதை வளர்ச்சியோடு ஆஸ்துமாவும் இருந்து, ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை சாப்பிட்டால் மூச்சு முட்டுகிறது என்றால் மூன்றும் ஒரே நோயின் முகங்கள். மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அவர் எண்டோஸ்கோப்பை மூக்குக்குள் விட்டுப் பார்ப்பார். மரத்துப்போகும் மருந்தைத் தெளித்த பிறகு செய்வதால் வலிக்காது, கண்ணில் நீர் வரும், ஒருவித கூச்சம் இருக்கும். பழைய எக்ஸ்ரேயில் தெரிவது கொஞ்சம்தான், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். சளி உச்சத்தில் இருக்கும்போது எடுத்தால் எல்லா அறையும் நிறைந்தே தெரியும். கண், மூளை சம்பந்தமான ஆபத்து இல்லாவிட்டால், மருந்து சாப்பிட்டு அடங்கிய பிறகு எடுப்பதுதான் பயன். சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நிமோனியா, காதுச் சீழ் என்று மற்ற தொற்றுகளும் அடிக்கடி வந்தால் எதிர்ப்புச் சக்திக்கான இரத்தச் சோதனையும் கேட்கலாம்.

ஸ்கேனில் "தண்டு வளைந்திருக்கிறது" என்று வந்ததும் அறுவைக்கு நாள் குறிக்காதீர்கள். மூக்குத் தண்டு நேராக இருப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வளைவு துவாரத்தை அடைக்கிறதா என்பதுதான் கேள்வி. கழுவுதலும் ஸ்பிரேயும் ஒழுங்காகச் சில மாதம் செய்து பார்த்தும் பலனில்லை, அல்லது சதை நிறைந்து கிடக்கிறது, அல்லது பூஞ்சைக் கட்டி இருக்கிறது என்றால் அறுவை நியாயம். இப்போது முகத்தில் கத்தி படுவதில்லை. எண்டோஸ்கோப் வழியாக மூக்குக்குள்ளேயே துவாரங்களை அகலப்படுத்துகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேரும் முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அறுவைக்குப் பிறகு ஓரிரு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், பாரம் தூக்கக் கூடாது. எப்போது கழுவத் தொடங்குவது என்று மருத்துவர் சொல்வார், சொன்ன நாளிலிருந்து விடாமல் கழுவுங்கள். உள்ளே காய்ந்து ஒட்டும் பொருக்கு அதனால்தான் கழன்று வரும். சதை வளர்ச்சி மறுபடி வரக்கூடியது, அதனால் ஸ்பிரேயும் தொடரும். துவாரம் அகலமானதால் முன்பு எட்டாத இடத்துக்கும் இப்போது மருந்தும் உப்பு நீரும் போகும்.